எண்ணைச் சொல்லும் பெயர், எண்ணை விழுங்கும் பெயர்

(லிங்கநகரில் சாதாரண தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பலகையில் எழுதிக் காட்டிய சூத்திரங்கள் இங்கே வாயால் வாசித்தபடி தமிழ் எழுத்திலேயே அச்சாகின்றன.)



எனக்குத் தந்த தலைப்பு, “அயன் சேர்வைகளையும் பங்கீட்டுவலுச் சேர்வைகளையும் பெயரிடலும் அவற்றின் சூத்திரங்களை எழுதலும்.” வாசித்து முடிக்கவே ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் அம்மாமார் சிலர், இது எங்களுக்குரிய கதையில்லை என்று கைபேசியை எடுப்பதும் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். குசினியில் இருக்கும் உப்புப் பைக்கற்றிலிருந்து துறைமுகத்தில் இறங்கும் பசளை மூடை வரைக்கும் இந்தத் தலைப்புக்குள்தான் கிடக்கிறது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் இரண்டு பெயர்களை எழுதுகிறேன். ஒன்று மகனீசியம் குளோரைட்டு. மற்றது காபனீரொட்சைட்டு. முதலாவதின் சூத்திரம் எம்ஜி சிஎல்2. இரண்டாவதின் சூத்திரம் சிஓ2. இரண்டின் வாலிலும் ஒரு 2 இருக்கிறது. காபனீரொட்சைட்டு என்ற பெயரைப் பிரித்தால் காபன், ஈர், ஒட்சைட்டு; அந்த 2 பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மகனீசியம் குளோரைட்டில் அந்த 2 எங்கே? எங்கும் இல்லை. பெயர் அதை விழுங்கிவிட்டது.

ரியூசன் வகுப்புகளில் இதை ஒரு விதியாகச் சொல்லிக் கொடுப்பார்கள்: உலோகம் இருந்தால் எண் சொல்லாதே, உலோகம் இல்லாவிட்டால் எண் சொல். பிள்ளைகளும் எழுதிப் புள்ளி வாங்கிவிடுவார்கள். ஏன் அப்படி என்று கேட்பவர் குறைவு. இன்று நான் சொல்ல வந்தது அந்த ‘ஏன்’ ஒன்றைத்தான். அது பிடிபட்டால் விதிகளில் முக்கால்வாசியை மனப்பாடம் செய்ய வேண்டி வராது.

முதலில் உப்பளத்துக்குப் போவோம். இங்கிருந்து வடக்கே நிலாவெளிப் பக்கம் போனவர்கள் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீரில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்பு என்றல்ல, உப்புகள் என்று சொன்னேன். வெயிலில் நீர் வற்ற வற்ற அவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை, வரிசையாகத்தான் இறங்கும். முதலில் கொஞ்சம் கல்சியம் காபனேற்று. பிறகு கல்சியம் சல்பேற்று; சீமெந்தில் சேர்க்கும் ஜிப்சமும் இதுதான். நீர் பத்தில் ஒரு பங்குக்கு வற்றும்போது சோடியம் குளோரைட்டு, அதாவது நம்முடைய கறியுப்பு. அது இறங்கிய பின் மிஞ்சுகிற கசப்பு நீரில் மகனீசியம் குளோரைட்டும் மகனீசியம் சல்பேற்றும் தங்கிவிடும். அந்தக் கசப்பு நீரை வடித்து விடாவிட்டால் உப்பு மழைக்காலத்தில் கசியும், நாக்கிலும் கைக்கும். உப்பளத்து வேலை என்பதே இந்தப் பெயர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் வேலைதான்.

இத்தனை பெயர் சொன்னேன். ஒன்றிலாவது எண் வந்ததா? வரவில்லை. காரணம் இது: சோடியம் ஒரு இலத்திரனை இழந்து ஒரு நேர் ஏற்றம் உள்ள கற்றயன் ஆகிறது. குளோரின் ஒரு இலத்திரனை வாங்கி ஒரு மறை ஏற்றம் உள்ள அன்னயன் ஆகிறது. மகனீசியம் இரண்டை இழக்கும். உப்புப் பளிங்கு மொத்தத்தில் ஏற்றம் இல்லாதது. தொட்டால் யாருக்கும் ஷொக் அடிப்பதில்லை. ஆகவே மகனீசியத்தின் இரண்டு நேரேற்றத்தைச் சமன் செய்ய இரண்டு குளோரைட்டு வந்தே தீரவேண்டும். மூன்று வர முடியாது, ஒன்று போதாது. கடைக்காரரின் பற்றுவரவுப் புத்தகம் மாதிரி, ஒரு பக்கத் தொகை தெரிந்தால் மறுபக்கம் தானே விழுந்துவிடும். விழுந்துவிடுகிற எண்ணைப் பெயரில் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? அதனால் பெயர் அதை விழுங்கிக்கொள்கிறது.

பிள்ளைகள் ‘குறுக்கே போடு’ என்று செய்வதன் பொருளும் இதுதான். அலுமினியம் மூன்று நேர், ஒட்சைட்டு இரண்டு மறை. இரண்டுக்கும் பொதுவான சிறிய தொகை ஆறு. ஆகவே அலுமினியம் இரண்டு, ஒட்சிசன் மூன்று: ஏஎல்2 ஓ3. ஆனால் குறுக்கே போடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கல்சியம் ஒட்சைட்டுக்கு சிஏ2 ஓ2 என்று எழுதிவிட்டு வருவீர்கள். அயன் சேர்வையின் சூத்திரம் ஒரு விகிதம். உப்புப் பளிங்குக்குள் ‘இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின்’ என்று சோடி கட்டிய மூலக்கூறு எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும், ஒவ்வொரு குளோரைட்டையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கும். மூலக்கூறே இல்லாத இடத்தில் எளிய விகிதத்தை விட வேறு என்ன எழுதுவது? ஆகவே சுருக்கி சிஏ ஓ.

அடைப்புக்குறி பற்றி ஒரு சொல். சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு: சிஏ, அடைப்புக்குள் ஓஎச், வெளியே 2. அடைப்பை விட்டுவிட்டு சிஏ ஓஎச்2 என்று எழுதினால் ஐதரசன் மட்டும் இரட்டிப்பாகும், ஒட்சிசன் ஒன்றாகவே நிற்கும். இந்தப் பிழைக்குப் புள்ளி வெட்டும் ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் வெட்டுவது சரி.

இனிப் பசளைக் கடைக்கு வாருங்கள். கந்தளாய், முள்ளிப்பொத்தானைப் பக்கம் வயல் செய்பவர்கள் இங்கே இருப்பீர்கள். மூன்று மூடைகள்: யூரியா, ரீ.எஸ்.பி., எம்.ஓ.பி. இதில் எம்.ஓ.பி. என்பது மியூரியேற்று ஒஃப் பொட்டாஷ் என்பதன் சுருக்கம். மியூரியா என்றால் இலத்தீனில் உப்புநீர். ஹம்பிரி டேவி 1810-இல் குளோரின் ஒரு மூலகம் என்று நிறுவுவதற்கு முன்னால் வைத்த பெயர் அது. குளோரினுக்குப் பெயர் வந்து இருநூறு வருடம் தாண்டியும் மூடையில் பழைய பெயர் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருப்பது பொற்றாசியம் குளோரைட்டு, கே சிஎல்.

அதே மூடையில் இன்னொரு வேடிக்கை. கே2ஓ 60 வீதம் என்று போட்டிருக்கும். கே2ஓ என்றால் பொற்றாசியம் ஒட்சைட்டு. மூடைக்குள் ஒரு மணியளவு பொற்றாசியம் ஒட்சைட்டும் கிடையாது. இருந்திருந்தால் ஈரக்காற்றில் கொதித்துக் கையைச் சுட்டிருக்கும். ‘இதிலுள்ள பொற்றாசியம் முழுவதும் ஒட்சைட்டாக இருந்தால் எவ்வளவு வரும்’ என்ற பழங்காலக் கணக்கு அது. தூய பொற்றாசியம் குளோரைட்டுக்கு அந்தக் கணக்கில் 63 வீதம் வரும். சந்தைச் சரக்கில் கொஞ்சம் அழுக்கு இருப்பதால் 60. இதை அறியாத பிள்ளை மூடையைப் பார்த்து, எம்.ஓ.பி.யின் சூத்திரம் கே2ஓ என்று எழுதினால் அது பிள்ளையின் பிழையல்ல, மூடையின் பிழை.

யூரியா வேறு சாதி. அதில் உலோகமும் இல்லை, அயனும் இல்லை. காபன், ஒட்சிசன், நைதரசன், ஐதரசன் எல்லாம் இலத்திரன்களைப் பங்கிட்டுக் கோத்துக்கொண்ட ஒரு முழு மூலக்கூறு. பக்கத்து மூடையில் அமோனியம் சல்பேற்று இருந்தால் அது முழுக்க அலோகங்களால் ஆனது, ஆனாலும் அயன் சேர்வை. ‘உலோகம் இருந்தால்தான் அயன்’ என்ற விதி இங்கே கால் இடறுகிறது, பாருங்கள். அமோனியம் என்பது நான்கு ஐதரசன் ஏந்திய, ஒரு நேரேற்றம் உள்ள அயன். அமோனியா என்பது மூன்று ஐதரசன் உள்ள, ஏற்றம் இல்லாத வாயு. ஐஸ் கம்பனியில் குழாய்க்குள் ஓடுவது அமோனியா; கசிந்தால் கண்ணைப் பிடுங்கும். வயலில் வெள்ளையாக விழுவது அமோனியம். சொல்லின் கடைசியில் இருக்கும் அந்த ‘யம்’மைக் கவனிக்காமல் விடைத்தாளில் இரண்டையும் கலந்துவிடும் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு.

அமோனியம் சல்பேற்றுக்கு அண்ணன் முறையில் ஒருவர் இருக்கிறார்: அமோனியம் நைத்திரேற்று. 2020 ஓகஸ்ட் 4-ஆம் திகதி பெய்ரூத் துறைமுகக் களஞ்சியத்தில் வெடித்தது அதுதான், 2750 தொன். சல்பேற்று தனியாக இருந்தால் அப்படி வெடிப்பதில்லை. பெயரில் மாறியது ஒரு பாதிதான். துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு வாழும் நாம் அந்தப் பாதியை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்ன உலோகங்களுக்கெல்லாம் ஒரே ஒரு வலுவளவு. சில உலோகங்கள் அப்படி நிலையாக நிற்பதில்லை. இரும்பு இரண்டும் இழக்கும், மூன்றும் இழக்கும். அப்போது ‘இரும்புக் குளோரைட்டு’ என்று சொன்னால் எது? கணக்குப் புத்தகத்தில் இரண்டு விடை வருகிறது. பழையவர்கள் குறைந்ததற்குப் பெரசு என்றும் கூடியதற்குப் பெரிக்கு என்றும் சொன்னார்கள். அதில் ஒரு தொல்லை: இரும்புக்குப் பெரசு என்றால் இரண்டு, செப்புக்குக் குப்பிரசு என்றால் ஒன்று. ஒலியைக் கேட்டு எண்ணைப் பிடிக்க முடியாது. 1919-இல் அல்பிரட் ஸ்டொக் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார்: உலோகத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் உரோம இலக்கத்தில் அதன் வலுவளவை எழுதிவிடு. வாசிக்கும்போது இரும்பு-இரண்டு குளோரைட்டு, இரும்பு-மூன்று குளோரைட்டு. அந்த இலக்கம் அணுக்களின் தொகையைச் சொல்வதில்லை, உலோகத்தின் வலுவளவைச் சொல்கிறது. இரும்பு-மூன்று ஒட்சைட்டில் இரும்பு அணு மூன்று இல்லை, இரண்டுதான். அதன் சூத்திரம் எஃப்ஈ2 ஓ3. இங்கேதான் ஆகக் கூடுதலான பிள்ளைகள் விழுகிறார்கள்.

இந்த உரோம இலக்கம் எவ்வளவு பெறுமதி என்று காட்ட, நமது சித்த வைத்தியப் பெட்டியையே திறக்கலாம். அதில் பூரம் என்று ஒன்று, வீரம் என்று ஒன்று. இரண்டும் வெள்ளைத் தூள். இரண்டிலும் இருப்பது இரசமும் குளோரினும் மட்டுமே. பூரம் என்பது இரசம்-ஒன்று குளோரைட்டு, நீரில் கரைவது அரிது. வீரம் என்பது இரசம்-இரண்டு குளோரைட்டு, நன்றாகக் கரையும், ஒரு சிட்டிகையே ஆளை முடித்துவிடும். வைத்தியர்கள் இவை இரண்டுக்கும் முற்றிலும் வேறு பெயர் வைத்ததில் ஒரு புத்தி இருக்கிறது: உள்ளே என்ன என்று தெரியாவிட்டாலும், மாறி எடுத்துவிடக் கூடாது என்று தெரிந்திருந்தது. பூரம் மட்டும் சாது என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலேயர் நாட்டில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த தூள்களில் அதைக் கலந்தார்கள். கையும் காலும் சிவந்து வீங்கும் ஒரு நோயால் குழந்தைகள் அவதிப்பட்டன. 1950-களில் அந்தத் தூள்களை நிறுத்திய பிறகு நோயும் அடங்கிவிட்டது. இரசத்தின் இன்னொரு உறவு இலிங்கம், சாதிலிங்கம் என்றும் சொல்வார்கள்: சிவப்பு நிற இரசம்-இரண்டு சல்பைட்டு. நம் லிங்கநகருக்கும் அதற்கும் தொடர்பில்லை, பயப்பட வேண்டாம்.

பூரத்தின் சூத்திரத்தில் ஒரு நுட்பம். வலுவளவு ஒன்றென்றால் எச்ஜி சிஎல் என்றுதானே வரவேண்டும்? வருவது எச்ஜி2 சிஎல்2. இரசம்-ஒன்று அயன் தனியாக நிற்பதில்லை. இரண்டு இரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, சோடியாக இரண்டு நேரேற்றத்தை ஏந்தி நிற்கும். அந்தச் சோடியை உடைத்து விகிதமாகச் சுருக்கக் கூடாது. உரோம இலக்க வழியைச் சொன்ன ஸ்டொக்கே ஆய்வுகூடத்து இரச ஆவியை வருடக்கணக்காகச் சுவாசித்து நஞ்சேறித் துன்பப்பட்டவர். 1926-இல் அந்த ஆபத்தைப் பற்றி எழுதி மற்ற விஞ்ஞானிகளை எச்சரித்தார்.

புல்மோட்டைக்கு ஒருமுறை போய்விட்டு வருவோம். அங்குள்ள கருமணலைக் கையில் அள்ளினால் சாதாரண மணலை விடப் பாரமாக இருக்கும். காந்தம் பிடித்தால் ஒரு பகுதி ஒட்டும். அந்தக் கனிய மணலில் ஏறத்தாழ எழுபது வீதம் இல்மனைட். மீதியில் ரூடைல், சிர்கோன் முதலியவை. 1957-இல் இதற்கென்று ஒரு கூட்டுத்தாபனமே அமைந்தது. இல்மனைட்டின் சூத்திரம் எஃப்ஈ ரிஐ ஓ3. இரும்பு, தைத்தேனியம், மூன்று ஒட்சிசன். மூன்று ஒட்சிசனுக்கு ஆறு மறை. தைத்தேனியத்துக்கு நான்கு நேர். மிச்சம் இரண்டு, ஆகவே இரும்பு இங்கே இரும்பு-இரண்டு. பெயர் தெரியாத கல்லைக்கூட இந்தக் கணக்கால் விசாரிக்கலாம்.

ரூடைல் என்பது ரிஐ ஓ2. இதைத் தைத்தேனியம்-நான்கு ஒட்சைட்டு என்பதா, தைத்தேனியமீரொட்சைட்டு என்பதா? விதிப்படி முன்னது. பெயின்ற் வாளியிலும் பற்பசைக் குழாயிலும் அச்சடிப்பது பின்னது. இரண்டும் சரிதான். தைத்தேனியத்துக்குக் குளோரின் நான்கைச் சேர்த்தால் கிடைப்பது உப்புப் போன்ற பளிங்கு என்று நினைப்பீர்கள். கிடைப்பது நிறமற்ற ஒரு திரவம். ஈரக்காற்றுப் பட்டால் வெண்புகை கக்கும். உலோகம் இருந்தும் அது பங்கீட்டுவலுச் சேர்வை, மூலக்கூறு மூலக்கூறாகத்தான் இருக்கிறது. அயன், பங்கீட்டுவலு என்பவை இரண்டு தனித்தனி அறைகள் இல்லை. நடுவில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. சாதாரண தரத்தில் அந்தக் கதவைச் சாத்தி வைத்துக் கற்பிக்கிறோம், அது தேவையும்கூட. உயர்தரத்தில் திறந்து பார்க்கும்போது ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று கோபிக்க வேண்டாம். நாம் மணலாகவே ஏற்றி அனுப்புவதை, வெளிநாடுகளில் வெண்ணிறமியாக்கிப் பெயின்ற்றில் கலந்து நமக்கே விற்கிறார்கள் என்பது என் வயிற்றெரிச்சல். அது இன்றைய தலைப்பில் அடங்காது.

இப்போது எண்ணைச் சொல்லும் பெயர்களுக்கு வருகிறேன். காபனும் ஒட்சிசனும் சேர்ந்தால் சிஓ2 வரலாம், சிஓ-வும் வரலாம். எரிவதற்குக் காற்றுப் போதாத இடத்தில் சிஓ கூடும். மின்வெட்டுக் காலத்தில் ஜெனறேற்றரைக் கதவடைத்த அறைக்குள் ஓடவிட்டால் நிரம்புவது அதுதான்: காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். காபனீரொட்சைட்டு சோடாப் போத்தலுக்குள் இருக்கிறது. இங்கே பற்றுவரவுக் கணக்கு உதவாது. இலத்திரனை இழப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, பங்கிடுகிறார்கள். எத்தனை விதமாகவும் பங்கிடலாம். நைதரசனும் ஒட்சிசனும் எத்தனை விதமாகச் சேர்கின்றன, பாருங்கள்: பல் பிடுங்கும்போது சுவாசிக்கத் தரும் இருநைதரசனோரொட்சைட்டு, நைதரசனோரொட்சைட்டு, வாகனப் புகையில் கபில நிறமாக எழும் நைதரசனீரொட்சைட்டு, இன்னும் இருநைதரசன் மூவொட்சைட்டு, நாலொட்சைட்டு, ஐயொட்சைட்டு. ஆட்கள் இரண்டே பேர். எண்ணைச் சொல்லாவிட்டால் மயக்க மருந்துக்கும் நச்சுப் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே பங்கீட்டுவலுச் சேர்வையில் பெயர் எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி கையிருப்பிலேயே இருந்தது. ஓர், ஈர், மூ, நால், ஐ, அறு என்ற எண்ணடைகள் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு தாமாகவே புணர்ந்துகொள்ளும். கந்தகவீரொட்சைட்டு, கந்தகமூவொட்சைட்டு, காபன் நாற்குளோரைட்டு, பொசுபரசு ஐங்குளோரைட்டு. ஒன்றாக எழுதும்போது நீளமாகி வாய் குழறும் என்பது உண்மைதான். நடுவில் எங்கே எண் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பழகிய பிள்ளைக்கு அதில் பயமே இல்லை. முதல் நிற்கும் மூலகம் ஒரே அணுவானால் அதற்கு ‘ஓர்’ போடுவதில்லை. இரண்டாவதுக்குத்தான் ‘ஓர்’ வரும். நீர், அமோனியா இரண்டும் இந்த ஒழுங்குக்கு வராத பழைய பிரபுக்கள்; அவர்களை அப்படியே விட்டுவிடுவோம்.

அடுத்ததைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இப்போது நம் பிள்ளைகள் இரவில் கைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களையும் பார்க்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள், நன்றாகவே கற்பிக்கிறார்கள். மூலகத்தைத் தனிமம் என்பார்கள், சேர்வையைச் சேர்மம் என்பார்கள், வலுவளவு அங்கே இணைதிறன். அது ஒரு நாளில் பழகிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கந்தக அணு தனியாக இரண்டு மறையேற்றத்தோடு நின்றால் நம் பாடநூல் அதைச் சல்பைட்டு என்கிறது. அதோடு மூன்று ஒட்சிசன் சேர்ந்தால் சல்பைற்று. நான்கு சேர்ந்தால் சல்பேற்று. கடலுக்கு அந்தப் பக்கம் அதே மூன்றையும் சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு என்று எழுதுகிறார்கள். கவனித்தீர்களா? ‘சல்பைட்டு’ என்ற ஒரே எழுத்துக்கூட்டல் இங்கே ஒட்சிசனே இல்லாததைக் குறிக்கிறது, அங்கே மூன்று ஒட்சிசன் உள்ளதைக் குறிக்கிறது. நைத்திரைட்டு, நைத்திரைற்று விஷயமும் அப்படியே. நாம் றகரத்தை இரட்டித்து ஒரு ஒலியைக் காட்டுகிறோம், அவர்கள் டகரத்தை இரட்டித்து அதே ஒலியைக் காட்டுகிறார்கள். யாரும் பிழை செய்யவில்லை. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதும் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: அங்கிருந்து குறிப்பெடுக்கும்போது பெயரை எழுதாதீர்கள், சூத்திரத்தை எழுதுங்கள், பெயரை நம் பாடநூலில் பார்த்துப் போடுங்கள்.

இந்த ஓரெழுத்து வித்தியாசம் சோதனைத்தாளோடு நிற்பதில்லை. 1944-இல் நியூயோர்க்கில் ஒரு மலிவுச் சாப்பாட்டுக் கடையில் உப்பென்று நினைத்துச் சோடியம் நைத்திரைற்றைப் போட்டுவிட்டார்கள். காலையில் கஞ்சி குடித்த பதினொரு பேர் உடல் நீலம் பாரித்து மருத்துவமனைக்கு வந்தார்கள், ஒருவர் இறந்தார். நைத்திரைற்றுக்கு இரண்டு ஒட்சிசன், நைத்திரேற்றுக்கு மூன்று. கூடியதா குறைந்ததா என்று மட்டும்தான் அந்த ஈறு சொல்கிறது. எத்தனை என்று சொல்வதில்லை. மனப்பாடம் வேண்டாம் என்று முன்பு சொன்னேனே, அதற்கு இது விலக்கு. காபனேற்று, நைத்திரேற்று, சல்பேற்று, பொசுபேற்று, ஐதரொட்சைட்டு, அமோனியம் போன்ற ஒரு பத்து அயன்களை ஏற்றத்தோடு நெட்டுருப் பண்ணத்தான் வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது.

வீட்டில் உப்புப் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். இலங்கையில் 1995 முதல் கறியுப்பில் அயடீன் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். பைக்கற்றில் பொற்றாசியம் அயடேற்று என்று இருக்கும், அயடைட்டு என்று இராது. அயடேற்றில் மூன்று ஒட்சிசன் உண்டு. அயடைட்டு நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் உடைந்து அயடீனாகப் பறந்துவிடும், அயடேற்று தாக்குப்பிடிக்கும். கழலை வராமல் காப்பதற்குப் போட்ட அயடீன் சட்டிக்கு வந்து சேருவது அந்த ஈற்றெழுத்துக்குரிய ஒட்சிசனால்தான்.

இந்தப் பெயர்களை எல்லாம் யார் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். 1787-இல் பாரிசில் கிற்றோன் டி மோவோ, லவோசியே, பெர்த்தொலே, பூர்க்குரோவா என்ற நால்வர் பழைய ரசவாதப் பெயர்களைத் தூக்கி எறிந்து, எதனால் ஆனதோ அதைப் பெயரே சொல்ல வேண்டும் என்று ஒரு நூல் போட்டார்கள். தமிழுக்கு அது வர நூறு வருடம்கூட ஆகவில்லை. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் பார்வையில் ‘கெமிஸ்தம்’ என்ற தமிழ் இரசாயன நூல் 1875-இல் அச்சானது. அடுத்தது நம் ஊரோடு தொடர்புடையது. 1920-களில் இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தரை யாழ் நூலுக்காகவே எல்லாரும் நினைப்பார்கள். அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் அவரே. அந்த முயற்சியின் பலனாகக் கலைச்சொற்கள் என்ற தொகுதி 1938-இல் வெளிவந்தது. பிறகு 1950-களில் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தன் சொற்றொகுதிகளை வெளியிட, நம் வழி பிரிந்தது. காபனீரொட்சைட்டு அந்தக் காலத்துப் பிள்ளை.

பெயர்கள் இப்படிக் கரைக்குக் கரை மாறினாலும் சூத்திரம் மாறாததற்கு ஒரு சுவீடன்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும். டோல்ற்றன் அணுக்களை வட்டங்களாகவும் புள்ளிகளாகவும் வரைந்துகொண்டிருந்தபோது, பெர்சீலியஸ் 1813 அளவில், சாதாரண எழுத்துகளே போதும், எழுத இலகு, அச்சுப் புத்தகமும் அசிங்கமாகாது என்றார். அவர் எடுத்தது இலத்தீன் பெயர்களின் முதலெழுத்தை. சோடியத்துக்கு என்ஏ, பொற்றாசியத்துக்குக் கே, இரும்புக்கு எஃப்ஈ வந்தது அப்படித்தான். எண்ணை அவர் மேலே போட்டார். லீபிக் என்பவர் 1834-இல் அதைக் கீழே இறக்கினார். நீங்கள் கீழே எழுதும் அந்தச் சின்ன 2 லீபிக் வீட்டு 2.

கப்பல்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பெயரை நம்பாமல், ஆபத்தான ஒவ்வொரு சரக்குக்கும் ஐக்கிய நாடுகளின் நான்கு இலக்க எண் ஒன்றையும் கொள்கலனில் ஒட்டுகிறார்கள். அமோனியா வாயுவுக்கு 1005. அமோனியம் நைத்திரேற்றுக்கு 1942. நைத்திரிக்கமிலத்துக்கு 2031. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. கொள்கலன் ஒன்றிலிருந்து அது கசிந்துகொண்டிருந்தது கப்பல் எரிவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பெயரும் எண்ணும் சரியாக எழுதியிருந்தும் அடுத்தடுத்த துறைமுகங்கள் அதை இறக்க இடம் கொடுக்கவில்லை. அது இரசாயனத்தின் குறை இல்லை.

என் பேச்சு முடிந்தது. கேள்வி நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டதை இந்த அச்சில் சேர்க்காமல் விட முடியாது. காயம் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டு எச்2ஓ2. கல்சியம் ஒட்சைட்டைச் சுருக்கச் சொன்னீர்களே ஐயா, இதை ஏன் எச்ஓ என்று சுருக்கக் கூடாது?

அருமையான கேள்வி. கல்சியம் ஒட்சைட்டில் மூலக்கூறு இல்லை, விகிதம்தான் இருக்கிறது, அதனால் சுருக்கலாம். ஐதரசன் பேரொட்சைட்டில் இரண்டு ஐதரசனும் இரண்டு ஒட்சிசனும் கோத்த ஒரு மூலக்கூறு உண்மையாகவே இருக்கிறது. பாதியாக வெட்டினால் அது வேறு பொருள். சந்தேகமிருந்தால் குளுக்கோசை எடுங்கள்: சி6 எச்12 ஓ6. எல்லாவற்றையும் ஆறால் வகுத்துச் சுருக்கிப் பாருங்கள், சி எச்2 ஓ வரும். அது போமல்டிகைட்டின் சூத்திரம். அதை நீரில் கரைத்தால் போமலின். பிரேதம் பழுதாகாமல் வைக்கப் பாவிப்பது, மீனுக்கு அடிக்கிறார்கள் என்று சந்தையில் அவ்வப்போது சண்டை வருவதும் அதுதான். குளுக்கோசைக் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுக்கலாம்.